மெஷின் சரியாகத்தான் இருந்தது

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கைரோப்ளேனைக் "குட்டி ஹெலிகாப்டர்" என்று சொல்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டாம். போன மாதம் உங்கள் பட்டறைக்கு வந்திருந்தேன். உங்களில் ஒருவர், சட்டைப் பையில் மூன்று பேனா குத்தியிருந்தவர், வந்திருந்த கல்லூரிப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் விளக்கிக்கொண்டிருந்தார். அவர் காதைப் பிடித்துத் திருக வேண்டும்போல இருந்தது. வந்த இடத்தில் எதற்கு என்று டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஹெலிகாப்டரில் தலைக்கு மேலே இருக்கும் ரோட்டரை இன்ஜின் சுற்றுகிறது. நம் வண்டி பறக்கும்போது இன்ஜினுக்கு ஒரே வேலைதான், பின்னால் இருக்கும் ப்ரொப்பல்லரைச் சுழற்றி வண்டியை முன்னால் தள்ளுவது. மேலே இருக்கும் ரோட்டரைச் சுற்ற வைப்பது காற்று மட்டும்தான். தரையில் கிளம்புவதற்கு முன் இன்ஜினிலிருந்து கொஞ்ச நேரம் இணைப்புக் கொடுத்து ரோட்டரைச் சுற்றிவிடுவோம். பிறகு இணைப்பை எடுத்துவிட்டு, கையிலிருக்கும் பிடியைப் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டு மெதுவாக ஓட வேண்டும். ஓட ஓட எதிர்க்காற்று ரோட்டருக்கு அடியில் புகுந்து அதன் வேகத்தைக் கூட்டும். போதுமான வேகம் வரும்வரை காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பைத்தான் மனிதர்களால் செய்ய முடியவில்லை.

"உங்க அனுபவத்தை நம்ம புது ஸ்டாஃபுக்கு இனிமையா எழுதிக் கொடுங்க மேடம்" என்று உங்கள் மேனேஜர் கேட்டார். இனிமையாக என்னிடம் எதுவும் இல்லை. கோபம் இருக்கிறது. வேலையை விட்டு இத்தனை வருடம் ஆகியும் அது ரிட்டயர் ஆகவில்லை. அதில் பாதி என் மேலேயே எனக்கு இருக்கும் கோபம்.

நான் பைலட் இல்லை, பொறியியல் படித்தவளும் இல்லை. தண்டலம் பக்கத்துக்காரி. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கார் பாகங்கள் கம்பெனியில் பதினோரு வருடம் இன்ஸ்பெக்ஷனில் இருந்தேன். பாகத்தை அளப்பேன், சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுவேன், இல்லாவிட்டால் சிவப்புப் பெட்டியில் போடுவேன். கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. 2009 வாக்கில், எங்கள் கம்பெனிக்கு ரப்பர் புஷ் செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஒரு முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

ஒரகடம் பக்கத்து ஊர்க்காரர். வெளிநாட்டுக் கண்காட்சி ஒன்றில் கைரோப்ளேனைப் பார்த்திருக்கிறார். திரும்பி வரும்போது மனுஷர் முழுக்க மாறியிருந்தார். பாகம் பாகமாகப் பெட்டியில் வரும் கிட் ஒன்று வாங்கி வந்து பூட்டிப் பார்ப்பது, பிறகு இங்கேயே செய்து விற்பது, வயலுக்கு மருந்தடிக்க, ஏரியைக் கண்காணிக்க, எல்லாவற்றுக்கும் இதுதான் என்று பேசினார். கெட்டவர் கிடையாது. ஒவ்வொரு தொழிலாளியின் பெயரும் ஊரும் தெரிந்து வைத்திருப்பார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஷெட்டில் நாங்கள் நான்கு பேர். முதலாளி, நான், ஃபிட்டர் இசக்கி, ட்ரெயினர். இசக்கிக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். திசையன்விளைப் பக்கம். சுங்குவார்சத்திரத்தில் ஐந்து பேரோடு ஓர் அறையில் தங்கியிருந்தார். ஸ்பானரைக் கையில் எடுத்தால் வாயைத் திறக்க மாட்டார். ட்ரெயினர் கோயம்புத்தூர்க்காரர், என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். வெளிநாட்டில் கைரோ ஓட்டக் கற்று, அங்கேயே கற்றுக்கொடுத்தும் வந்தவர். அவர் பெயரை நான் எங்கும் எழுதக்கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். எழுதவில்லை. இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவரிடம் திட்டு வாங்கிக் கற்றதுதான். குரலை உயர்த்தாமல், வார்த்தைக்கு வார்த்தை "ங்க" போட்டுத் திட்டுவார். அதுதான் அதிகம் வலிக்கும்.

முதல் திட்டு போல்ட்டுக்காக.

ரோட்டர் முழுவதையும் வண்டியோடு பிடித்திருப்பது தலைப் பகுதியில் இருக்கும் ஒரே ஒரு போல்ட். பறக்கும்போது ஆளும் இன்ஜினும் எல்லாமும் அதில்தான் தொங்குகின்றன. கிட் பெட்டியைப் பிரித்தபோது அது மட்டும் இல்லை. செய்தவர்களுக்கு எழுதினோம். வர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். இரண்டே நாளில் முதலாளி தெரிந்த லேத்தில் ஒன்று கடைந்து வாங்கி வந்துவிட்டார்.

"இன்னா மேடம், ஒரு போல்ட்டுக்கு இவ்ளோ யோசிக்கிறீங்க? படத்துல கீற அதே சைஸு, அதே மரை. பாருங்க, எவ்ளோ பளபளன்னு கீது."

"சைஸ் ஒண்ணுதான் சார். இரும்பு எதுன்னு யாருக்குத் தெரியும்?"

"சும்மா பூட்டிப் பாக்கத்தான் மேடம். ரோட்டர் உக்காருதான்னு தெரிய வேணாமா?"

பூட்டிப் பார்க்க மட்டும்தானே என்று நினைத்தேன். "பொருத்திப் பார்க்க மட்டும். சுற்றக்கூடாது" என்று ஒரு சிவப்பு அட்டையில் எழுதி, கையெழுத்துப் போட்டு, போல்ட்டில் கட்டிவிட்டேன். பெரிய புத்திசாலித்தனமான காரியம் செய்துவிட்டதாக நினைப்பு.

சரியான போல்ட் வந்து சேர்ந்த அன்று மாற்றுவதற்காக ஏணி போட்டு ஏறினேன். விமானத்துக்கான போல்ட் என்றால் அதன் தலையில் எழுத்துக் குறி இருக்கும். இது மொட்டையாக இருந்தது. என் அட்டையைக் காணோம். அதற்குள், நான் இல்லாத நாட்களில், மூன்று முறை அந்த வண்டியை இன்ஜின் போட்டு, ரோட்டரைச் சுற்றி, ரோட்டில் ஓட்டியிருக்கிறார்கள். கீழே இறங்கி ஷெட்டே அதிரக் கத்தினேன்.

இசக்கிதான் முன்னால் வந்தார். "நாந்தாம்க்கா கழத்துனேன். பெயிண்ட் அடிக்கையில அட்டையில பட்டுரும்னு எடுத்து வச்சேன். திருப்பிக் கட்டணும்னு நெனச்சேன், மறந்துட்டேம்க்கா."

அரை மணி நேரம் அவரைக் கிழித்தேன். தலையைக் குனிந்து நின்றார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது ட்ரெயினர் பக்கத்தில் வந்தார்.

"அக்கா, இசக்கி அட்டையக் கழட்டுனது தப்புங்க. மூணு தடவ சுத்தறதுக்கு முன்னால ஏறிப் பாக்காதது என் தப்புங்க. ஆனா தப்பான போல்ட்டு மேல ஏறலாம்னு கையெழுத்துப் போட்டது யாருங்க?"

அந்த போல்ட்டை என் பழைய கம்பெனி லேபுக்கு எடுத்துப் போனேன். வைஸில் கவ்வ வைத்து இரண்டு அடி அடித்தார்கள். கம்பி மாதிரி வளைந்தது. மூன்று ஓட்டத்தில் அது போகாமல் இருந்ததற்கு எந்தக் காரணமும் இல்லை.

அளவு பார்க்கும் வேலைக்கு வந்திருக்கிற பெண்களும் பையன்களும் இதைக் கேளுங்கள். "தற்காலிகமாக" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய நிலை வந்தால் பேனாவை மூடிவிட்டுக் கேன்டீனுக்குப் போய்விடுங்கள். நீங்கள் எழுதும் நிபந்தனையை யாரும் படிக்க மாட்டார்கள். கையெழுத்தை மட்டும்தான் பார்ப்பார்கள். இது எனக்கு அன்றே முழுதாகப் புரிந்திருந்தால் அடுத்தது நடந்திருக்காது.

நாங்கள் வண்டியை ஓட்டிப் பார்த்தது ஒரு லே-அவுட் ரோட்டில். அந்த வருடங்களில் ஒரகடத்தைச் சுற்றி அப்படி நிறைய இருந்தன. கம்பெனிகள் வருகின்றன என்று வயலைத் தட்டி, ரோடு போட்டு, எண் கல் நட்டு, வாசலில் நீரூற்றுப் படத்தோடு ஒரு போர்டும் வைத்திருப்பார்கள். ஒரு வீடுகூட எழும்பியிருக்காது. மாடு மேயும். எங்களுக்குக் கிடைத்த ரோடு நேராக, நீளமாக இருந்தது. தரையில் ஓட்டிப் பார்க்க மட்டும்தான் அனுமதி. பறக்கும் அனுமதிக்கு விண்ணப்பித்துக் காத்துக்கொண்டிருந்தோம்.

முதலாளிக்குத் தானே ஓட்ட வேண்டும். ட்ரெயினர் இரண்டு மாதம் அவரைத் தரையிலேயே வைத்திருந்தார். ரோட்டரைச் சுற்று, பிடியை இழு, மெதுவாக ஓடு, நிறுத்து. திரும்பவும் அதே. சக்கரம் தரையை விட்டு எழும்பக்கூடாது.

"மாஸ்டர், பதினெட்டு வயசுலேந்து லாரியே ஓட்டிக்கினு இருக்கேன் நான். இது பொம்ம வண்டி. எத்தினி நாளைக்குத்தான் தரையில தள்ளிக்கினு இருப்பேன்?"

"ரோட்டர் ரெடியாகறதுக்கு முன்னாடியே நீங்க ரெடியாயிடறீங்க சார். அது மாறற வரைக்குமுங்க."

"எப்போ மாறும்?"

"மாறுனா உங்களுக்கே தெரியுமுங்க. ரோட்டருக்கு வேகம் பத்தலைன்னா பிடியில ஒரு நடுக்கம் வரும். அது வந்தா இன்ஜினைக் குறைக்கணும். பிடியை முன்னால விட்டு ரோட்டரைப் படுக்க வைக்கணும். நீங்க ஒவ்வொரு தடவையும் இன்ஜினைக் கூட்டறீங்க."

முதலாளி சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதை அன்று யாரிடமும் சொல்லவும் இல்லை.

அடுத்த மாதம் வெளியூரிலிருந்து ஒரு குழு பார்க்க வருகிறது என்றார். இந்த வண்டியை வாங்கி ஓட்டும் தொழிலில் கூட்டுச் சேர நினைத்தவர்கள், ஆறு பேர். காலை எட்டு மணிக்கு வருவதாக ஏற்பாடு. ட்ரெயினர் தரையில் ஓட்டிக் காட்டுவார், அவ்வளவுதான் திட்டம்.

அந்த நாள் காலை ஏழு மணிக்கு நான் வண்டியை முழுதும் சோதித்தேன். போல்ட், நட், அது கழன்றுவிடாமல் இருக்கப் போடும் ஊசி, கம்பிகள், டயர். எல்லாம் சரி. அன்றைய சோதனை அட்டையில் கையெழுத்துப் போட்டேன். காற்று அசையவே இல்லை. எட்டு மணிக்கு யாரும் வரவில்லை. பத்தும் ஆயிற்று. பன்னிரண்டு மணிக்கு, "பூந்தமல்லி தாண்டிட்டோம்" என்று போன் வந்தது. ஒன்றரைக்கு இரண்டு கார்களில் வந்து இறங்கினார்கள். அதற்குள் கடல் காற்று ஏறிவிட்டது. போர்டு பக்கத்தில் கட்டியிருந்த கொடிகள் ரோட்டுக்குக் குறுக்கே படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன.

ட்ரெயினர் கொடியைப் பார்த்தார். கையை நீட்டிக் காற்றைப் பார்த்தார். நேராக முதலாளியிடம் போனார்.

"இன்னைக்கு வேண்டாமுங்க சார். குறுக்குக் காத்து. விட்டு விட்டு வேற அடிக்குது. நாளைக்குக் காலைல காட்டலாமுங்க."

"நாளைக்கா? அவங்க சாயந்தரம் ஃபிளைட்டு புடிக்கணும் மாஸ்டர். தரையிலதான ஓட்டப் போறோம்?"

"தரையிலதானுங்க, வேகம் பத்தாத ரோட்டர் காத்துல மேலயும் கீழயும் அடிச்சுக்கும். நான் உக்கார மாட்டேனுங்க."

முதலாளி முகம் சிவந்துவிட்டது. வந்தவர்கள் ஆறு பேரும் வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஹெல்மெட்டை எடுத்தார். "உங்களுக்குப் பயம்னா விடுங்க. நான் ஓட்டிக்கினு வரேன்." வண்டியின் பக்கத்தில் செருகியிருந்த சோதனை அட்டையை உருவி, அந்த ஆறு பேருக்கும் தெரியும்படி ஆட்டினார். "எங்க இன்ஸ்பெக்ஷன் மேடமே கையெழுத்துப் போட்டுட்டாங்க. ஆல் ஓகே!"

ட்ரெயினர் என்னிடம் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"அக்கா, அட்டையக் கேன்சல் பண்ணுங்க. நீங்க சொன்னா நிறுத்தித்தான் ஆகணும். வந்தவங்க முன்னாடி அவரால மீற முடியாதுங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இதை எழுதக் கை கூசுகிறது. "மெஷின் சரியாத்தானே தம்பி இருக்கு" என்றேன்.

சரியாகத்தான் இருந்தது. மெஷினைத்தான் என் அட்டை கேட்கிறது. காற்றைப் பற்றியோ, ஓட்டுகிறவர் அவமானத்தில் இருக்கிறாரா என்பதைப் பற்றியோ அதில் கட்டமே இல்லை. இல்லாத கட்டத்துக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். முதலாளியை ஆறு பேர் முன்னால் தடுத்து நிறுத்த எனக்குத் தைரியம் இல்லை, அதுதான் உண்மை. பன்னிரண்டு எட்டு வைத்திருந்தால் அவர் கையிலிருந்து அந்த அட்டையை வாங்கிக் கிழித்திருக்கலாம். நான் அங்கேயே நின்றேன்.

ட்ரெயினர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஓடிப்போய்த் தீயணைப்புச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் போய் நின்றார்.

முதலாளி ரோட்டரைச் சுற்றினார். பாதி வேகம்கூட வந்திருக்காது. எல்லாரும் பார்க்கிறார்களே என்று இணைப்பை எடுத்துவிட்டு இன்ஜினை முழுக்கத் திறந்தார். வண்டி துள்ளி ஓடியது. வந்தவர்களில் ஒருவர் கேமராவைக் கண்ணில் வைத்தபடி ரோட்டுக்கே வந்துவிட்டார். ஆட்களை ஓரமாக நிறுத்துவது இசக்கியின் பொறுப்பு. "சார், தள்ளுங்க! தள்ளுங்க சார்!" என்று கத்திக்கொண்டே அவரை நோக்கி ஓடினார்.

ரோட்டர் அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது? பெரிய தகரக் கதவை யாரோ உதைக்கிறார்கள், விடாமல் உதைக்கிறார்கள், ஒவ்வோர் உதையும் முன்னதைவிட வேகமாக விழுகிறது. பிடி முதலாளியின் கையை உதறுவது தூரத்திலிருந்தே தெரிந்தது. இன்ஜினைக் குறைக்க வேண்டியவர் இன்னும் கூட்டினார். ரோட்டரின் ஒரு இறக்கை இறங்கி ப்ரொப்பல்லரில் விழுந்தது. வண்டி பக்கவாட்டில் சரிந்தது. மற்ற இறக்கை ரோட்டில் மோதித் துண்டு துண்டாகப் பறந்தது.

கேமராக்காரரை இசக்கி இரண்டு கையாலும் தள்ளிவிட்டிருந்தார். அவர் எண் கல்லுக்குப் பின்னால் போய் விழுந்தார். இசக்கியின் நீட்டிய இடது கையில் ஒரு துண்டு வந்து பட்டது.

முதலாளிக்கு முழங்கையில் சிராய்ப்பு. இசக்கிக்கு இரண்டு விரல் போயிற்று.

என் புடவைத் தலைப்பைக் கிழித்துக் கையைக் கட்டினேன். காரில் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையோர ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். வழியெல்லாம் இசக்கி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அக்கா, அந்த சாருக்கு ஒண்ணும் ஆவலைல்லா? அக்கா, சொல்லுங்க, ஆவலைல்லா?"

மூன்றாம் நாள் முதலாளி என்னை அவர் அறைக்குக் கூப்பிட்டார். பறக்கும் அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறோம், அதனால் விபத்து அறிக்கை அனுப்பியாக வேண்டும். கதவைச் சாத்தச் சொன்னார். கண் தூக்கமில்லாமல் வீங்கியிருந்தது.

"மேடம், ரோட்டர் தலையில ஃபிட்டிங் லூஸுன்னு எழுதிடுங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. "யார் ஃபிட்டிங் சார்?"

"இசக்கிதான் பூட்டுனான். அவன் ஏற்கனவே அட்டையக் கழட்டிப் போட்டவன்தான? அது ரெக்கார்டுல கீது. அவன நான் பாத்துக்கறேன், காலம் பூரா வெச்சுக்கறேன். ஆஸ்பத்திரி, சோறு, எல்லாம் என் பொறுப்பு. ஓட்டுனவன் தப்புன்னு போச்சுன்னா எனக்கு அனுமதியே வராது மேடம். இத்தினி பேர் உழைப்பும் போயிடும்."

பத்து வருடத்துக்கு மேலாக நான் இந்த மனிதரை அறிவேன். அவர் கம்பெனி ரப்பர் புஷ்ஷை எத்தனை முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. அந்த மனிதர்தான், ஆஸ்பத்திரியில் கிடக்கிறவன் தலையில் இதைக் கட்டச் சொல்கிறார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அந்த போல்ட்டையும் நட்டையும் உடைஞ்ச வண்டியிலேருந்து நானே கழட்டி அளந்து வெச்சிருக்கேன் சார். நூல் பிசகல. ஊசி போட்ட இடத்துல அப்படியே இருக்கு. அந்த வண்டியில சரியா இருந்தது இசக்கி பூட்டுனது மட்டும்தான்."

"அப்போ இன்னாதான் எழுதுவீங்க?"

"மூணு காரணம். ரோட்டருக்கு வேகம் வரல, அதுக்குள்ள ஓட்டுனவர் இன்ஜினத் திறந்துட்டாரு. குறுக்குக் காத்து அடிச்சுது, ட்ரெயினர் வேண்டாம்னு சொன்னாரு. மூணாவது, நிறுத்தறதுக்கு அதிகாரம் இருந்தும் இன்ஸ்பெக்டர் நிறுத்தல."

"உங்க பேரயே எழுதிக்கறீங்களா? பைத்தியமா மேடம் உங்களுக்கு?"

"ஆமா சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அன்று மாலையே எழுதிக் கொடுத்தேன்.

ஒன்பது நாள் அது அவர் மேசை டிராயரில் கிடந்தது. பத்தாம் நாள் ஒரு எழுத்துகூட மாற்றாமல் அனுப்பினார். காரணம் எனக்குத் தெரியாது. அதற்கிடையில், இசக்கி தள்ளிவிட்ட கேமராக்காரர் முதலாளிக்கு போன் செய்து, நடந்ததெல்லாம் தன் கேமராவில் இருக்கிறது, தன்னைக் காப்பாற்றியவர் எப்படியிருக்கிறார் என்று கேட்டாராம். மனசாட்சியா, கேமராவா என்று நான் இன்றுவரை முதலாளியைக் கேட்கவில்லை. கேட்டால் வரும் பதிலை நம்புவேனா என்றும் தெரியவில்லை. நான்கு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. வேலையை விட்டும் அனுப்பவில்லை. விண்ணப்பத்தில் இன்ஸ்பெக்டர் என்று என் பெயர் இருந்தது. மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். என்னை வைத்திருந்ததற்கு அதைவிடப் பெரிய காரணம் எதையும் கற்பனை செய்துகொள்ளாதீர்கள்.

ஐந்து மாதம் கழித்து இசக்கி வந்தார். இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் இல்லை. முதலாளி அவருக்கு கேட்டில் செக்யூரிட்டி வேலை தருவதாகச் சொன்னார். இரக்கத்தில் சொன்னதுதான்.

"கேட்டுல உக்காரதுக்கு நான் திசையன்விளையிலருந்து வரல மொதலாளி" என்றார் இசக்கி. "மூணு வெரலு இருக்குல்லா. ஸ்பானர் புடிக்க அது போதும்."

புது ரோட்டருக்கு எழுதியிருந்தோம். ட்ரெயினர் திரும்பவும் வேலை தொடங்க ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஷெட்டில் இருக்கும் நான்கு பேரில் யார் வேண்டாம் என்றாலும் அன்று வண்டி ஓடக்கூடாது. காரணம் கேட்கலாம், ஆனால் காரணம் சொல்லியே தீர வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. முதலாளி அதை எழுதச் சொல்லி வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பிறகு, "சரி மாஸ்டர்" என்றார்.

கையெழுத்தில் ஒப்புக்கொள்வது சுலபம். அது உண்மையா என்று தெரிய இரண்டு வருடம் ஆயிற்று.

அனுமதி வந்தது. தெற்கே, பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய ஓடுதளத்தில் முதல் பறத்தல். முந்தின நாளே லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு போனோம். காலை ஆறரை மணி, காற்று இல்லை, மேகம் இல்லை. மேற்பார்வைக்கு அதிகாரிகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். முதலாளி வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். அவர் குடும்பமும் வந்திருந்தது. நான் சோதித்தேன். காற்றுக்கும் ஓட்டுகிறவருக்கும் இப்போது அட்டையில் கட்டம் இருந்தது. நானே சேர்த்தது. எல்லாவற்றையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டேன்.

ட்ரெயினர் உட்கார்ந்தார். இன்ஜின் ஓடியது. ரோட்டர் சுற்ற ஆரம்பித்து வேகம் ஏறியது. எண்ணி இன்னும் பத்து விநாடியில் வண்டி நகர்ந்திருக்கும். இசக்கி கையைத் தூக்கினார்.

ட்ரெயினர் அந்த நொடியே இன்ஜினை நிறுத்தினார். ரோட்டர் நிற்க வெகுநேரம் ஆனது.

"என்னாச்சுங்க இசக்கி?"

"தெரியல சார். சத்தத்துல என்னமோ ஒண்ணு. எனக்கு சொல்லத் தெரியல." அவர் கண்ணை ரோட்டரை விட்டு எடுக்கவில்லை. "இன்னைக்கு வேண்டாம்னு தோணுது சார்."

"சரிங்க" என்றார் ட்ரெயினர். பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கினார்.

ரோட்டரைக் கழற்றினோம். தலையைப் பிரித்தோம். போல்ட், பேரிங், ஊசி, ஒவ்வொன்றாக அளந்தேன். மதியம் ஒரு மணி வரை தேடினோம். ஒன்றும் இல்லை. எல்லாம் நூல் பிடித்த மாதிரி இருந்தது. அதிகாரிகள் வாட்ச்சைப் பார்த்தார்கள். இசக்கி யார் முகத்தையும் பார்க்காமல் துணியால் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

முதலாளி எங்களிடம் வந்தார். இந்த முறை ஒரு வார்த்தை பேசினால் அவர் சட்டையைப் பிடித்துவிடுவது என்று உண்மையாகவே முடிவு செய்து வைத்திருந்தேன்.

"ஃபால்ட் இன்னா மாஸ்டர்?"

"ஃபால்ட் ஒண்ணும் இல்லீங்க சார்."

"அப்புறம் ஏன் பறக்கல?"

"இசக்கி வேண்டாம்னாருங்க."

முதலாளி இசக்கியைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். திரும்பி டிரைவரைக் கூப்பிட்டு, "எல்லாரும் காலைலேந்து பட்டினி கீறாங்க. போய் சாப்பாடு வாங்கிக்கினு வா" என்றார். அதிகாரிகளிடம் போய்க் கைகூப்பி, "நாளைக்கு வர முடியுங்களா சார்?" என்று கேட்டார்.

இசக்கி வண்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதார். நான் போகவில்லை. ட்ரெயினர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலை பறந்தது. பதினோரு நிமிடம். உங்களைப் போலப் புதிதாக வருகிற எல்லாரும் அந்தப் பதினோரு நிமிடத்தைப் பற்றித்தான் என்னிடம் கேட்கிறார்கள். அதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.